614 ரூபாய் 13 காசு

ஜூன் 5-ஆம் தேதி வடசென்னையில் மரக்கன்றாகப் பிறந்துவிடக் கூடாது. பத்து மணிக்கு நடுவார்கள். பத்தேகாலுக்குப் படம் எடுப்பார்கள். பத்தரைக்கு மறந்துவிடுவார்கள்.

விழாவை வருணிக்க வேண்டியதில்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பச்சை ஷாமியானா, பச்சை டி-ஷர்ட், பச்சைத் தொப்பி. 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று அச்சடித்த பிளெக்ஸ் பேனர். பேனரும் பிளாஸ்டிக்தான். நாற்காலிக்கு ஒன்றாகத் தண்ணீர் பாட்டில், அதுவும் பிளாஸ்டிக்தான். குழியை முந்தின நாளே ஒரு கூலித் தொழிலாளி வெட்டிவைத்துவிட்டார். அவர் படத்தில் இல்லை. சிறப்பு விருந்தினர் காரை விட்டு இறங்குகிறார். ஏசி குறைந்துவிடக் கூடாது என்று டிரைவர் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறார். முழங்கால் உயரக் கன்று ஒன்றை ஏழு பேர் பிடித்துக்கொள்கிறார்கள். எட்டாவது ஆளுக்குப் பிடிக்க இலை கிடைக்கவில்லை, பூவாளியைத் தொட்டுக்கொள்கிறார்.

ஏன் ஜூன்? 1972-ல் இதே ஜூன் 5-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கியது. அந்த நாளே உலகச் சுற்றுச்சூழல் நாள் ஆனது. ஸ்வீடனில் அது இதமான பருவம். பெரம்பூரில் அது கத்திரி முடிந்தும் தார் ரோடு ஆறாத பருவம். நமக்கு மழை அக்டோபரில். கன்று நடுவது ஜூனில். நடுவில் நான்கு மாதம் தண்ணீர் ஊற்றுவது யார்? அதற்கு நிகழ்ச்சி நிரலில் இடம் இல்லை. ஆகஸ்டில் கன்று காய்ந்துவிடும். அதைச் சுற்றி வைத்த இரும்புக் கூண்டு காயாது. கூண்டில் பற்றவைத்த நன்கொடையாளர் பெயர்ப் பலகை பத்து வருஷம் நிற்கும். அடுத்த ஜூனில் அதே குழி. சில இடங்களில் கூண்டும் அதே கூண்டுதான், பலகை மட்டும் புதிது.

இந்தப் பலகைகளைப் படிப்பது வடசென்னைக்காரனுக்கு நல்ல பொதுஅறிவு. எந்த நிறுவனம் எங்கே புகை விடுகிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் படியேற வேண்டாம். யார் அதிகம் கன்று நடுகிறார்கள் என்று பார்த்தால் போதும், கிட்டத்தட்ட விளங்கிவிடும்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல சட்டம். ஒரே ஒரு கேள்வியைத்தான் அது கேட்பதில்லை: மீதி 98 சதவீதத்தை எப்படிச் சம்பாதித்தாய்?

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் யார்? சுற்றுச்சூழல் அறக்கட்டளைகள். அதற்குத்தானே 'லாப நோக்கற்றவை' என்று பதிவு செய்கிறார்கள். ஆனால் கேள்வி கேட்டால் 2 சதவீதம் பக்கத்து அறக்கட்டளைக்குப் போய்விடும். எனவே அவர்கள் ஆற்றைப் பற்றிப் பேசுவதில்லை. விழிப்புணர்வு பற்றிப் பேசுகிறார்கள். விழிப்புணர்வு யாருக்கு? நமக்கு. சாம்பலை நம் முற்றத்தில் கொட்டியவருக்கு அல்ல, முற்றம் பெருக்குகிறவருக்கு விழிப்புணர்வு. பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, 'காற்றை மாசுபடுத்த மாட்டேன்' என்று உறுதிமொழி எடுக்கவைக்கிறார்கள். மணலிக் காற்றையும் எண்ணூர்க் காற்றையும் சுவாசித்து இருமிக்கொண்டே அந்தப் பிள்ளைகள் உறுதி தருகின்றன. ஏதோ அனல்மின் நிலையத்தின் ஸ்விட்ச் அவர்கள் பையில் இருப்பது மாதிரி.

எல்லா அறக்கட்டளையும் இப்படி இல்லை என்று சொல்வீர்கள். சரி, இல்லைதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆண்டறிக்கையைப் பாருங்கள். வழவழத் தாள், நான்கு வண்ணம். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை கொட்டை எழுத்தில் இருக்கும். பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

பூங்காவுக்கும் நிலத்துக்கும் சங்கம் வைப்பது சென்னைக்குப் புதிதல்ல. வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-லேயே வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சங்கம், கதீட்ரல் சாலையில் நிலம். செடி வளர்க்கத்தான். ஆனால் 1962-லிருந்து 2008 வரை அதில் ஒரு பகுதியில் வளர்ந்தது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். தோட்டக்கலை நிலத்தில் நகரம் நாற்பத்தாறு ஆண்டு காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிட்டது. பிறகு அந்த இடம் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா ஆனது. எதிர்ப்பக்க நிலத்துக்காகச் சங்கத்துக்கும் அரசுக்கும் பல்லாண்டு வழக்கு. ஆட்சி மாறினால் பூட்டும் மாறியது. கடைசியில் அரசு கைப்பற்றியது. 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தார்கள். ஏறத்தாழ ஆறு ஏக்கர், 46 கோடி ரூபாய். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு போக ஜிப்லைன் உண்டு. நுழைய, பெரியவருக்கு 100 ரூபாய், பிள்ளைக்கு 50 என்று கட்டணம் வைத்தார்கள். நால்வர் கொண்ட ஒரு பெரம்பூர்க் குடும்பம் பொதுமக்கள் பூங்காவைப் பார்க்க 300 ரூபாய். தொங்க வேண்டுமென்றால் தனிக் கட்டணம். வாடகை வீட்டில் மாசக் கடைசியில் இலவசமாகத் தொங்கும் நமக்கு அதுவும் தேவையில்லை.

சதுப்புநிலம் காக்க ஒரு அறக்கட்டளை வேண்டும் என்று அரசுக்கு 2006-ல் தோன்றியது. உடனே அமைத்தார்கள். எண்ணூரிலா? அடையாறில். அடையாறு பூங்கா அறக்கட்டளை. 58 ஏக்கர் உப்பங்கழியைச் சீரமைத்தார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். திறந்த பிறகு நெடுங்காலம் முன்அனுமதி இல்லாமல் பொதுமக்கள் உள்ளே போக முடியவில்லை. பறவைக்குத் தொந்தரவாம். நியாயம். பறவைக்கு இவ்வளவு மரியாதை தரத் தெரிந்த ஓர் அரசுக்கு, அதே நகரத்தின் வடக்கு முனையில் எண்ணெய் பூசிய கூழைக்கடா கண்ணில் படப் பன்னிரண்டு ஆண்டு ஆனது. அறக்கட்டளையின் பெயர் பிறகு 'சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை' என்று விரிந்தது. நதிகள் என்றால் முதலில் அடையாறு. அப்புறம் கூவம். வடக்கே எண்ணூரில் ஓடும் கொசஸ்தலையாறும் சென்னை நதிதான் என்று யாராவது அலுவலகத்துக்கு ஒரு தபால் போடலாம்.

கிண்டிக்கு வாருங்கள். அங்கே குதிரைகளுக்கு 160 ஏக்கர். 1945-ல் அரசு ரேஸ் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. மாதத்துக்கு அல்ல, ஏக்கருக்கு அல்ல. மொத்த நிலத்துக்கும், ஒரு முழு ஆண்டுக்கும். பெரம்பூரில் இந்தக் காசுக்கு மொட்டைமாடியில் துணி காயப்போடக் கயிறு கட்டவும் விடமாட்டார்கள். வாடகையைத் திருத்தி, பாக்கி என்று அரசு கணக்குப் போட்டது 730 கோடி ரூபாய்க்கு மேல். 2024 செப்டம்பரில் சீல் வைத்தார்கள். அங்கே 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைப்போம் என்று அறிவித்தார்கள். வரவேற்கிறோம். பக்கத்தில் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது, சிறுவர் பூங்கா இருக்கிறது, ஐ.ஐ.டி. காடு இருக்கிறது. அவற்றுக்குத் துணைக்கு ஒரு பூங்கா வேண்டாமா? தனியாக இருந்தால் பயப்படுமே.

வடக்கே நமக்கு என்ன? பெரம்பூர் மேம்பாலத்தை ஒட்டி முரசொலி மாறன் பூங்கா. வண்டிகளுக்குப் போக மிஞ்சியதில் மனிதனுக்குக் கொடுத்தது. பாலத்துப் புகையை மூச்சாக இழுத்து இதயத்துக்கு நல்லது என்று நடக்கிறோம். மண்டலத்தின் பெயர் திரு.வி.க. நகர். 1918-ல் இதே பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது மில் தொழிலாளிக்காகப் பேசியவர் திரு.வி.க. அவர் பேரில் ஷெனாய் நகரில் ஒரு நல்ல பூங்கா இருந்தது. 2011-ல் மெட்ரோ வேலைக்கு எடுத்தார்கள். மரங்கள் போயின. பத்தாண்டுக்கும் மேலாகத் தகரத் தடுப்புதான் பூங்காவாக இருந்தது. வெட்டிய ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் பத்தும் எங்கே நிற்கின்றன என்று கேட்டால், செங்கல்பட்டையோ திருவள்ளூரையோ கைகாட்டுவார்கள். நிழல் வேண்டுமானால் மின்சார ரயில் ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

சங்கம் வைத்த அந்தத் தொழிலாளிகள் வேலை பார்த்த பின்னி மில் 1996-ல் மூடியது. தலைமுறைகளாக வியர்வை சிந்திய நிலம். அங்கே ஒரு மைதானமோ தோப்போ வரும் என்று எந்தப் பைத்தியக்காரனும் எதிர்பார்க்கவில்லை. அடுக்குமாடிகள் வந்தன. பெரிய மனைக்காரர் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் நிலமாகவே தர வேண்டும். அதற்குக் கீழே, 3,000 வரை, பணமாகக் கட்டிவிடலாம். பூங்காவுக்குப் பதில் ரசீது. பிள்ளைகள் அந்த ரசீதில் ஊஞ்சல் கட்டி ஆடிக்கொள்ளலாம். நிலமாகவே கொடுத்த இடங்களிலும் வாசலில் செக்யூரிட்டி நின்று, 'எந்த பிளாக்?' என்று கேட்கிற கதையை நகரம் முழுக்கக் கேட்கலாம்.

இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் எண்ணூரில்.

மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் தந்த கடலோர மண்டலத் திட்ட வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருக்கிறது. ஏறத்தாழ 6,500 ஏக்கர் அலையேறும் நீர்ப்பரப்பு. கட்டடம் எழுப்பக் கூடாத முதல் வகை. பிறகு புழங்கிய வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தைக் காணோம். ஆறு இருந்த இடத்தில் தொழிற்சாலைக்கு நிலம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு ஆர்வலர்கள் 2017-ல் இதை வெளியே கொண்டுவந்தார்கள். கிணற்றைக் காணோம் என்று சினிமாவில் சிரித்தோம். இங்கே ஆற்றையே காணோம். சிரிக்க ஆளில்லை. கமல்ஹாசன் ட்வீட் போட்டார், நேரில் வந்து பார்த்தார். கேமராக்களும் வந்தன. அவர் போனதும் அவையும் போயின.

மீனவர்களால் போக முடியவில்லை. அவர்கள் வலையில் சாம்பல் வருகிறது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து கழிமுகத்தில் படிந்தது. செப்பாக்கம் என்று ஒரு கிராமம், சாம்பல் குட்டைக்குப் பக்கத்திலேயே. அங்கே காற்று அடித்தால் சோற்றில் உப்புப் போட்டது தெரியாது, சாம்பல் விழுந்தது தெரியும். வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் அலைந்து, 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மின்வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார்கள். கழிமுகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று தீர்ப்பு. தீர்ப்பு வந்து அடுத்த ஆண்டு என்ன வந்தது?

எண்ணெய் வந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கழிமுகம் முழுக்கக் கறுப்பானது. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையான சி.பி.சி.எல். ஆலையின் மழைநீர் வெளியேறும் வழியிலேயே எண்ணெய் இருந்ததைக் கண்டது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இவர்கள் வாதாடி முடிக்கும்வரை எண்ணெய் காத்திருக்கவில்லை. நாட்கள் கழித்துத்தான் இயந்திரங்கள் வந்தன. அதுவரை மீனவர்கள் இறங்கினார்கள். கையில் என்ன? மக்கு. வாளி. குளிக்கிற மக்கு. இந்தியாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்று பக்கத்திலேயே, கோடி கோடியாகப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் காகிதத்தில், தண்ணீருக்குள் ஒரு மனிதன் பிளாஸ்டிக் மக்கால் குரூட் ஆயிலை மொண்டு ஊற்றுகிறான். நிவாரணம், பாதித்த மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். ஒரு ஜூன் 5 விழாவின் சாப்பாட்டுச் செலவு அதைவிட அதிகம். அந்த மாதமே, 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. போர்வையோடு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

அப்போது எங்கே போயிருந்தன பச்சைத் தொப்பிகள்? அந்த டிசம்பரில் எண்ணூரில் நின்றவர்களைச் சொல்ல வேண்டும். மீனவக் கிராமச் சங்கங்கள். எண்ணூர் கழிமுகத்தைக் காக்கச் சொந்தக் காசில் சுற்றிவந்த ஒரு சின்னக் கூட்டம். வரைபடத்தைத் தேடி எடுத்தவர்கள் இவர்கள். மனு எழுதியவர்கள் இவர்கள். வக்கீலுக்கு வண்டிச் சத்தம் கொடுத்தவர்கள் இவர்கள். 2017-ல் டி.எம். கிருஷ்ணாவைக் கழிமுகத்துக்கே கூட்டிவந்து, கபேர் வாசுகி எழுதிய சென்னைப் புறம்போக்குப் பாடலைப் பாடவைத்ததும் இந்தக் கூட்டம்தான். நிலப் பாதுகாப்பு என்று ஒன்று இந்த ஊரில் நடந்திருந்தால், அதை நடத்தியவர்கள் இவர்கள். இவர்களுக்கு 2 சதவீதம் கிடைக்குமா? கிடைக்காது. இவர்களுக்குக் கிடைக்கிற பட்டம் வேறு: வளர்ச்சிக்கு எதிரி. வெளிநாட்டுக் கைக்கூலி. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிப்போம் என்று அதானி நிறுவனம் திட்டம் போட்டால் அது வளர்ச்சி. 6,500 ஏக்கர் கழிமுகத்தைக் கழிமுகமாகவே விடு என்று ஒரு மீனவர் சொன்னால் அது சதி.

இன்னும் ஒன்று பாக்கி. பெரம்பூர்க்காரன் மூக்குக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. கொடுங்கையூர்.

நகரத்தின் பாதிக் குப்பை பல பத்தாண்டுகளாக இங்கேதான் வருகிறது. மலையாக நிற்கிற பழைய குப்பையைப் பிரித்து எடுத்து நிலத்தை மீட்போம் என்று ஒரு திட்டம். மகிழ்ந்தோம். 250 ஏக்கருக்கு மேல் மீளும் என்றார்கள். ஒரு நிமிஷம் மரம், குளம், பெஞ்சு என்று கனவு கண்டோம். கனவு முடிவதற்குள் அடுத்த அறிவிப்பு. தினமும் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் அங்கேயே வரும். எரித்து எடுக்கும் மின்சாரத்தை எந்தப் பக்கம் அனுப்புவார்கள் என்பது ரகசியம். புகை எந்தப் பக்கம் வரும் என்பது ரகசியம் இல்லை. ஏற்கெனவே அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, குப்பைமேடு எல்லாம் இருக்கிற பக்கம்தானே, இதையும் அங்கேயே வைத்தால் ஒரே இடத்தில் முடிந்துவிடும் என்று யாரோ நிர்வாக வசதி பார்த்திருக்கிறார்கள். 2025 மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து மனிதச் சங்கிலி பிடித்தன. ஸ்பான்சர் இல்லை. தொப்பி இல்லை. மோர் பாக்கெட்கூட இல்லை. வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள், எவர்சில்வர் பாட்டிலில்.

ஆலைக்காரர்கள் பசுமையை மறக்கமாட்டார்கள், கவலைப்படாதீர்கள். பெரிய ஆலை என்றால் வளாகத்தில் பசுமைப்பட்டை வைக்கச் சொல்லி அனுமதியிலேயே நிபந்தனை போடுவது மத்திய அரசின் வழக்கம். ஆகவே கொடுங்கையூரில் மரங்கள் வரலாம். கேட்டுக்கு உள்ளே. ஐ.டி. கார்டு மாட்டியவர்களுக்கு.

அதனால், அரசுக்கு எங்கள் தரப்பில் ஒரு விண்ணப்பம்.

ஐயா, எண்ணூர் கழிமுகத்தை வடசென்னை மக்களாகிய எங்களுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குத் தாருங்கள். புது விகிதம் கேட்கவில்லை. கிண்டியில் ஏற்கெனவே நீங்கள் ஏற்றுக்கொண்ட விகிதம் போதும்: ஆண்டுக்கு 614 ரூபாய் 13 காசு. பாக்கி வைக்கமாட்டோம். 99 ஆண்டுத் தொகையும் முன்பணமாகவே கட்டுகிறோம். கூட்டிப் பார்த்தோம், 60,798 ரூபாய் 87 காசு. பேப்பர் மில்ஸ் சாலையில் கடைக்குக் கடை உண்டியல் ஏந்தினால் ஒரு சாயங்காலத்தில் தேறும். நாங்கள் குதிரை விடமாட்டோம், பந்தயம் கட்டமாட்டோம், ஜிப்லைன் போடமாட்டோம். இறால் பிடிப்போம். நுழைவுக் கட்டணம் இல்லை. நிலத்தின் எல்லையை அளக்க சர்வேயரை அனுப்ப வேண்டாம். 1996-ஆம் ஆண்டு வரைபடத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறோம். அதைத் தொலைத்துவிட்டோம் என்று நீங்கள் சொன்னால் கொடுக்க, இன்னும் நான்கு நகல் எங்களிடம் இருக்கிறது.